பட்டினி என்று பேர் வைத்த செடி

மிளகாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆராய்ச்சி மாணவிக்குப் பட்டப்பேரே அதனால் வந்ததுதான். ஆனால் அன்று காலை செடியறைக் கதவைத் திறந்தவள் முதலில் தன் தட்டுதானா என்று குனிந்து பார்த்தாள். கோபம் பிறகு வந்தது. வந்தது போகவே இல்லை.

மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டே நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்குள் அவளுடைய தட்டில் இருந்த செடிகள் எல்லாம் துருப்பிடித்த தகரம் மாதிரிப் பழுப்பேறித் தொங்கின. காய்கள் முற்றுவதற்கு முன்பே சுருண்டுவிட்டன. ஒன்றைக் கிள்ளிப் பிரித்துப் பார்த்தாள். விதை இருக்க வேண்டிய இடத்தில் தூள்தான் இருந்தது.

அந்தச் செடியின் சங்கதியைச் சொல்லாமல் அவள் வயிற்றெரிச்சல் புரியாது. இரும்பு இல்லாமல் எந்தச் செடிக்கும் பச்சை பிடிக்காது. அதே இரும்பு அளவு மீறினால் செல்லைச் சுட்டுவிடும். அதனால் செடி ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. இலையில் இரும்பு குறைந்தால் வேருக்குச் சேதி போகும். வேர் சுற்றியுள்ள மண்ணில் அமிலத்தைக் கக்கி, இரும்பைக் கரைத்து உள்ளே இழுக்கும். இலை நிறைந்ததும் 'போதும்' என்று சேதி போகும். வேர் கதவைச் சாத்திக்கொள்ளும். அவள் வளர்த்த செடியில் அந்தப் 'போதும்' மட்டும் போவதில்லை. இலையில் இரும்பு நிறைந்து வழியும். வேரோ பஞ்சத்தில் அடிபட்டதுபோல் இழுத்துக்கொண்டே கிடக்கும். வயிறு முட்ட இருந்தும் பசி பசி என்று அலறுகிற அந்த ஜென்மத்துக்கு அவள்தான் விளையாட்டாகப் 'பட்டினி' என்று பேர் வைத்தாள். தட்டிலும் அதையே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

பட்டினிக்கு விதை பிடிப்பதே அபூர்வம். கையிலிருந்த விதையை எல்லாம் போட்டு, தேறியதை மட்டும் காப்பாற்றி, இரும்பைக் கண்ணில் காட்டியும் காட்டாமலும் கொடுத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் இப்போதுதான் காய்த்திருந்தது. இந்த விதைகளை முளைக்கவிட்டு, அந்தப் 'போதும்' எங்கே நின்றுபோகிறது என்று காட்டிவிட்டால் அவளுக்கு டாக்டர் பட்டம். அவளுக்குக் கொடுத்த காலக்கெடுவும் இந்த வருஷத்தோடு முடிகிறது.

தட்டின் அடியில் தேங்கியிருந்த நீரைத் தொட்டுப் பார்த்தாள். தேநீர் நிறம். யாரோ இரும்புக் கரைசலைக் கணக்கு வழக்கில்லாமல் ஊற்றியிருக்கிறார்கள்.

வெளியே நடைபாதைப் பெஞ்சில் தலையாட்டி உட்கார்ந்திருந்தான். அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவன். யார் எது சொன்னாலும் மண்டையை ஆட்டுவதால் அந்தப் பேர்.

"யாருடா ஊத்தினது?"

அவன் கையிலிருந்த கோப்பையையே பார்த்தான். "சார் ஊத்தச் சொன்னாரு. நான் ஊத்தினேன்."

"எதுக்கு?"

"வெளியிலேருந்து பார்க்க வந்திருந்தாங்க. அந்த அம்மா, நமக்கு நிதி தர்ற குழுவோட தலைவி, 'இதுங்க மட்டும் ஏன் இப்படி சீக்காளி மாதிரி நிக்குது'ன்னு கேட்டாங்க. சார் தட்டுல இருந்த பேரைப் படிச்சாரு. 'பசங்க பட்டினி போட்டு வச்சிருக்காங்க, பாவம், இரும்பு குடுப்பா'ன்னு சிரிச்சாரு."

"அந்த மனுஷன் இந்த அறைக்குள்ள கால் வச்சே எத்தனை மாசம் ஆச்சு! அவருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது, மிளகா? அவரு முகம் என்ன ஆகும்?"

"அவரு முகத்துக்கு என் செடியைக் காவு குடுத்தியா?" நடைபாதையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "நாலு வருஷமா ஒரு இலை ஏன் வேர்கிட்ட 'போதும்'னு சொல்ல மாட்டேங்குதுன்னு நுண்ணோக்கியில கண்ணு பூத்துப்போற வரைக்கும் தேடறேன்டா. நீ இங்கேயே பெஞ்சுல உட்கார்ந்திருக்க! உன்னை அரைச்சுப் பார்த்திருந்தா அன்னிக்கே விடை கிடைச்சிருக்கும்."

அதற்கும் அவன் தலையை ஆட்டினான். அவளுக்குக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. எறிந்து என்ன ஆகப்போகிறது? தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

பழுப்பு நீர் மேஜையில் சொட்டியது. பேராசிரியர் ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவர் ஒன்றும் மடையர் இல்லை. ஒரு காலத்தில் இலையைப் பார்த்தே இரும்பின் அளவைச் சொன்னவர்தான்.

"பட்டினின்னு எழுதியிருந்தா வேற என்னன்னு நினைக்கறது?" என்றார்.

"உள்ள வந்து பார்த்திருந்தா நினைக்கவே வேண்டியிருந்திருக்காது, சார். என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க."

இப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாரும்மா. உனக்கு ஒரு வருஷம் நீட்டிச்சு வாங்கித் தர்றேன். உதவித்தொகையோட. புதுசா செடி உண்டாக்கு. ஆனா இது தானா காய்ஞ்சதாவே இருக்கட்டும். அந்த அம்மா இன்னிக்கு மறுபடி வர்றாங்க. குழு முன்னாடி நம்ம கூடத்தோட மானம் இருக்கு."

"நடந்ததைப் பூசி மெழுகச் சொல்றீங்க."

"ஒரு வருஷம்" என்றார் அவர் மறுபடியும், தட்டைத் துடைத்துக்கொண்டே.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் குற்றத்தை அவள் ஏன் சுமக்க வேண்டும்? அதற்குள் கதவு திறந்தது. குழுத் தலைவி உள்ளே வந்தார். நரைத்த தலை, கூர்மையான கண். வந்ததும் மேஜையைப் பார்த்தார்.

"அடடா, அன்னிக்குப் பார்த்த செடிங்கதானே? என்ன ஆச்சு?"

"ரொம்ப நோஞ்சான் ஜாதி மேடம். தானாவே காய்ஞ்சுபோச்சு" என்றார் பேராசிரியர். பிறகு மிளகாயின் பக்கம் திரும்பினார். "இல்லையாம்மா?"

என்ன ஆச்சு என்று முதலில் கேட்ட அந்த அம்மாவும் அவளைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரிதான் தெரிந்தார். ஒரு வார்த்தை போதும். காலையில் கிளம்பும்போது கணவர்கூட, "வீட்ல பேசற பேச்சுல பாதியை உங்க சார் முன்னாடி பேசு" என்று கேலி செய்திருந்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே காலக்கெடுவும் வந்தது, காய்ச்சலில் கிடக்கும் மகளும் வந்தாள், இன்னும் ஒரு வருஷம் என்பதும் வந்தது.

அவள் தலை ஆடியது.

"பாவம்" என்றார் அந்த அம்மா. பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலே ஒட்டியிருந்த பேர் ஈரத்தில் கரைந்து கோணலாகிவிட்டிருந்தது. தலையாட்டி இன்னும் பெஞ்சில்தான் இருந்தான். அந்த அம்மா வந்ததிலிருந்து கதவு திறந்தே கிடந்ததால் அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவன் முகத்தில் கேலி இல்லை; இருந்திருந்தால் ஓங்கி ஒன்று விட்டிருப்பாள்.

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முறை அவன் மேல் இல்லை.