417ஆம் எண் தகடு

நேராக நிற்க இப்போது ஒருத்தனுக்கும் பொறுமை கிடையாது. சென்னை பாடியில் பஸ் வந்தால் வரிசை பாம்பாக நெளிகிறது. வயசானவன் காலை மிதித்துவிட்டு "சாரி பெருசு" என்று ஏறிக்கொள்கிறான். பெங்களூரில் தொலைநோக்கி ஆராய்ச்சி செய்யும் மகள் ஞானசௌந்தரியே கண்ணாடியை வேண்டுமென்றே நெளிக்கிறாள் என்றால், ஜேசுராஜ் யாரிடம் போய்ச் சொல்வது?

"வெயில்ல தார் ரோட்டு மேல பஸ் நெளியுதுல்ல நைனா? அப்டித்தான் காத்துல நட்சத்திர வெளிச்சமும் ஆடுது. அதுக்கு எதிரா கண்ணாடிய நெளிச்சா படம் நேராய்டும். நொடிக்கு நூறு வாட்டி."

"கோணலும் கோணலும் சேந்தா நேரா? எவன் சொன்னான்?"

அந்தக் கண்ணாடியைப் பின்னாலிருந்து தள்ளும் குச்சிகள் உட்கார ஓர் இரும்புத் தகடு வேண்டும். அது மட்டும் துளி மேடு பள்ளம் இருக்கக் கூடாது. இரண்டு பட்டறைகள் செய்தது தேறவில்லை. இதுவும் போனால், மலைமேல் தொலைநோக்கியில் அவள் குழுவுக்குக் கிடைத்த நாலு நாளும் கைவிட்டுப் போகும்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

முப்பது வருஷம் பாடித் தொழிற்சாலையில் இரும்பைச் சுரண்டிச் சமன் செய்த கை. பழைய வழக்கப்படி தகட்டின் முதுகில் தன் ஆலை டோக்கன் எண் 417ஐச் சுத்தியலால் அடித்துப் பொறித்தார். பிறகு நீல மை தடவிய சமதள மேடையில் தகட்டை வைத்து எடுத்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டினார். மூன்று நாள். யாரையும் நம்பாமல் தானே மடியில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினார்.

குழுவின் தலைவர் மனோகரன் தகட்டைத் திருப்பினார். முகம் சுருங்கியது. "யாரு இதுல சுத்தியால அடிச்சது? வளைஞ்சிருக்குமே!"

"அட்ச்சிட்டுதான் சார் சொரண்டினேன். சொரண்டிட்டு அடிக்கிறவன் எங்க ஷாப்ல ஒரு நாள் நிக்க முடியாது. வாயால பேசாத, அளந்து பாரு."

இரண்டு முறை அளந்தார்கள். மனோகரன் மூன்றாம் முறை தானே அளந்தார். "யாரும்மா இவரு?"

"எங்க நைனா," என்றாள் சௌந்தரி, அறை முழுக்கக் கேட்கும்படி.

கிறிஸ்துமஸுக்கு, மலைமேல் எடுத்த இரண்டு படங்களோடு கோவில்பதாகையில் இருக்கும் வீட்டுக்கு வந்தாள். ஒன்றில் ஈசலை நசுக்கியது போல ஒரு வெளிச்சம். இன்னொன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள், ஊசி முனையாக.

"ரெண்டும் ஒரே எடம்தான் நைனா. இது கண்ணாடி நெளிஞ்சப்புறம்."

"நீயே பேனாவால புள்ளி வெச்சிருப்ப." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நம்பர அழிச்சிட்டாங்களா?"

"அப்டியே கீது."

ஜேசுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தித் தெருவில் இறங்கினார். இருட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு நட்சத்திரம் மினுக்கியது.

"இன்னும் ஆடிக்கினுதான் கீது," என்றபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.