ஏரியில் இறங்கிய கெளுத்தி

போச்சம்பள்ளிக் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் பாத்திரம் கழுவும் சாந்தம்மாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அன்றைக்கும் வீடு தங்கமாட்டாள். புருஷன் ஆஞ்சப்பனோடு வலையை எடுத்துக்கொண்டு ஊர் ஏரிக்குப் போய்விடுவாள். குழம்புக்குக் கெண்டையோ குரவையோ கிடைக்கும். வேளை நன்றாக இருந்தால் ஒரு விரால்.

போன ஐப்பசி மழையில் தீர்த்தகிரியின் மீன்குட்டை கரை உடைந்தது. ஏரிக்கு மேற்கே இருக்கும் மாந்தோப்பும் அதையொட்டிய அந்தக் குட்டையும் அவருடையவை. அரசாங்கம் தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை, கோழிக்கடைக் கழிவைக் கொட்டி அதில் வளர்த்துவந்தார். பொழுது விடிவதற்குள் அத்தனையும் ஏரியில் இறங்கிவிட்டன. ஊரில் யாரும் வருத்தப்படவில்லை. முழங்கை நீள மீன் சும்மா கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? சாந்தம்மாவும் தை பிறக்கும்வரை அதைத்தான் குழம்பு வைத்தாள்.

பிறகு வலையில் வேறெதுவும் ஏறவில்லை. கெண்டை நின்றது. அயிரை நின்றது. தவளைச் சத்தம்கூடக் குறைந்துவிட்டதாக ஆஞ்சப்பன் சொன்னான். மாசியில் ஒரு காலை, கோரையோரம் முக்குளிப்பான் பறவை ஒன்று குஞ்சுகளோடு நீந்துவதைச் சாந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஒருமுறை சுழித்தது. கடைசிக் குஞ்சைக் காணோம். தாய் முங்கி முங்கித் தேடியது.

அன்று வலையில் சிக்கிய பெரிய கெளுத்தியைத் தூக்கிக்கொண்டு நேரே தீர்த்தகிரி வீட்டுக்குப் போனாள். துவைகல்லில் போட்டு வயிற்றைக் கீறினாள். பாதி கரைந்த தவளைகள், ஒரு தண்ணீர்ப்பாம்புக் குட்டி, பறவைக் குஞ்சின் கால். தீர்த்தகிரியின் மனைவி பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீர்த்தகிரி திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

“ஏரியத் தொறந்து வுட்டு இதுங்கள மொத்தமாப் புடிக்கணுங்ண்ணா.”

“மா பிஞ்சு வுட்டிருக்குது சாந்தம்மா. தண்ணிய வுட்டுட்டா தோப்பு என்னாவறது?”

“உங்களுக்கு போர் தண்ணி இருக்குதுங்ண்ணா. தவளைக்கும் குஞ்சுக்கும் வேற ஏரி இல்லீங்க.”

கல்லைக் கழுவிவிட்டு வந்துவிட்டாள்.

பங்குனியில் மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் கூடியது. மதகைத் திறக்கக்கூடாது என்று தோப்புக்காரர்கள் சத்தம் போட்டார்கள். தீர்த்தகிரி எழுந்தார்.

“தொறங்க. மொத நட்டம் எனக்குத்தான். நானே சொல்றேன்.”

குட்டையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஊரே கூடையோடு இறங்கியது. ஓசூரிலிருந்து வந்த வண்டிகள் கெளுத்தியை அள்ளிக்கொண்டு போயின. சாந்தம்மா மட்டும் முழங்கால் சேற்றில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். சில விரால், கொஞ்சம் குரவை, ஒரு பிடி அயிரை தேறின. கெண்டை ஒன்றுகூட இல்லை. கிடைத்தவற்றைத் தீர்த்தகிரியின் கிணற்றில் விட்டாள். அந்த வருஷம் போர்த் தண்ணீர் போதாமல் அவர் தோப்பில் பிஞ்சு பாதி உதிர்ந்தது.

ஆவணியில் ஏரி மறுபடி நிறைந்தது. கிணற்று மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த ஞாயிறு வீசிய முதல் வலையிலேயே ஒரு சாண் கெளுத்தி துள்ளியது. ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்தியிருக்கிறது.

“அவ்ளோதான் போ,” என்று ஆஞ்சப்பன் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை, அலுப்பாக இருந்தது. மீனைக் கல்லில் அடித்துப் போட்டுவிட்டு வலையை உதறி மறுபடி வீசினாள். அதற்குப்பின் எந்த ஞாயிறும் தவறவில்லை. கெளுத்தி வந்தால் கூடைக்கு, மற்றது எது வந்தாலும் தண்ணீருக்கு.

சில வாரம் கழித்து, கோரைக்குப் பக்கத்தில் தண்ணீர் செம்மண் கரைந்ததுபோலக் கலங்கித் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். விரால் குஞ்சுகள், சிவப்பாக, மொய்த்துக் கிடந்தன. அடியில் தாய் விரால் காவல் நின்றது. ஆஞ்சப்பனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். எதிர்க்கரையில் தீர்த்தகிரி, கெளுத்திக்காகத் தூண்டிலில் கோழிக்குடலைக் கோத்துக்கொண்டு, இப்போதெல்லாம் தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.