கோலா தெர்லாவில் ஒரு பச்சைப் புள்ளி

காலில் தகடு வைத்ததிலிருந்து குணாளனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. அங்கே பொழுது எப்படியோ ஓடிவிடும். வீட்டுக்கு வந்தால்தான் தொல்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நொண்டி நொண்டி நடப்பான். ஜன்னலைத் திறந்து, மலைமேல் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பான். மூடுவான். மறுபடியும் திறப்பான்.

போன வருடக் கடைசியில், மலையிலிருந்து துணி இறக்கையில் மிதந்து பறக்கும் பாராகிளைடரில் தரையிறங்கும்போது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. இன்னும் சில மாதம் பறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி பூவிழி பறப்பதை நிறுத்தவில்லை. இருவரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் அவள் இறக்கை மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு குன்றின்மேல் ஏறுவாள். அவன் கீழே பிக்கப் வண்டியில், அவள் எங்கே இறங்குகிறாளோ அங்கே போய் ஏற்றி வருவான்.

ஈப்போவில் இருக்கும் சுகுமாரன்தான் அந்தச் சிறிய பறக்கும் குழுவை நடத்துபவர். குணாளன் படும் பாட்டைப் பார்த்து அவர்தான் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

“தம்பி, சும்மா மேகத்தையே பாத்துக்கிட்டு இருக்காத. நம்ம ஆளுங்களுக்கு அந்த ஆப்ப ரெடி பண்ணிக் குடு. கோலாலம்பூர்லேருந்து ரெண்டு பேரு வராங்க. அவங்களுக்கு இந்த மலை தெரியாது லா.”

பறப்பவர்கள் மடிமேல் கட்டிக்கொள்ளும் கைப்பேசியில் ஓடுகிற செயலி அது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், காற்று எங்கிருந்து வருகிறது, இந்த உயரத்திலிருந்து எந்தத் திடலை எட்ட முடியும் என்பதையெல்லாம் வரைபடத்தில் காட்டும். ஆனால் திடல் எது, மின்கம்பி எங்கே போகிறது என்று அதற்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். குணாளன் அந்த வேலையில் விழுந்தான். உயரழுத்த மின்கம்பிகளைச் சிவப்புக் கோடாக இழுத்தான். ஆலையின் புகைபோக்கியைக் குறித்தான். இறங்கக்கூடிய இடங்களுக்குப் பச்சைப் புள்ளி வைத்தான். பாடாங் என்று சொல்லும் எஸ்டேட் விளையாட்டுத் திடல், பள்ளித் திடல், கம்போங் ராஜா போகிற வழியில் ஒரு புல்வெளி என்று பல இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“எல்லா எடத்தையும் நேர்ல போயி பாத்துட்டீங்களா?” என்று பூவிழி கேட்டாள். பிரிஞ்சாங் ஊரில் பூக்களைக் கட்டி அனுப்பும் கொட்டகையில் கணக்கு எழுதிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“பாத்தாச்சு லா.”

“கோலா தெர்லா?”

“அது தங்கையாண்ணனோட கோஸ் தோட்டம். சின்ன புள்ளையிலேருந்து பாக்குறேன். ஆத்தோரமா எவ்ளோ அகலம். அது எங்க ஓடிடப் போவுது?”

பூவிழி குளிக்கப் போனாள். அன்று மழை. காலும் குடைந்தது. செயற்கைக்கோள் படத்தில் ஆற்றின் வளைவை ஒட்டி அந்தத் தோட்டம் அடர்ந்த பச்சையாகத் தெரிந்தது. குணாளன் அதன் நடுவில் விரலை வைத்து அழுத்தினான். புள்ளி விழுந்தது.

அதோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஏறும்போது ஒலிக்கும் பீப் சத்தத்தை மாற்றினான், எழுத்தைப் பெரிதாக்கினான், காற்றின் அம்புக்குறிக்கு மூன்று முறை நிறம் மாற்றினான். கோலா தெர்லாவுக்குப் போய்வர ஆகும் நேரத்தைவிட அதிக நேரத்தை அதில் செலவழித்தான்.

சனிக்கிழமை காலையில் குன்றின் உச்சியில் காற்று பதமாக இருந்தது. கீழே தேயிலை, வாரிவிட்ட தலைமுடி மாதிரி வரிசை வரிசையாக இறங்கியது. குணாளன் ஒவ்வொருவர் கைப்பேசியாக வாங்கித் தான் குறித்த வரைபடக் கோப்பை ஏற்றிக் கொடுத்தான்.

“பேட்டரி மிச்சம் பிடிக்கிறத நிறுத்திட்டேன். இல்லன்னா பாதி வழியில ஆப்ப அதுவே மூடிடும். பச்சப் புள்ளி எறங்குற எடம். பக்கத்துல இருக்கிற நம்பர் கழித்தல்ல போச்சுன்னா அங்க போய்ச் சேர மாட்டீங்க. வேற எடம் பாருங்க.”

கோலாலம்பூர்க்காரர்கள் இருவரும் தலையாட்டினார்கள். சுகுமாரன் அவன் தோளைத் தட்டினார். பூவிழி இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தபடி, “போயி கீழ நில்லுங்க. இங்க நின்னு என்னையே பாத்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். அவள் ஓடி எழும்பியபோது ஆரஞ்சு நிற இறக்கை ஒரு நொடி நடுங்கி, நிமிர்ந்து, அவளைத் தூக்கிக்கொண்டது. குணாளனின் நல்ல கால் தானாகவே இரண்டு எட்டு முன்னால் ஓடியது.

மற்ற மூவரும் கிளம்பினார்கள். குணாளன் பிக்கப்பில் ஏறித் தன் கைப்பேசியைக் கண்ணாடிக்குக் கீழே மாட்டினான். லைன் கிடைக்கிற இடங்களில் நான்கு பேரும் நான்கு அம்புகளாக அதில் நகர்ந்தார்கள். எஸ்டேட் பாடாங்கில்தான் இறங்குவதாக ஏற்பாடு. அங்கே போய் நிறுத்துவதற்குள்ளேயே தெற்கிலிருந்து வெள்ளையாக மேகம் சரிந்து வந்து, குன்றின் தோளை மூடி, பாடாங்கின் மேலும் இறங்கிவிட்டது. கோல்கம்பம்கூடத் தெரியவில்லை.

வாக்கி-டாக்கியில் சுகுமாரனின் குரல் வந்தது. “எல்லாரும் வடக்க திரும்புங்க. பாடாங் மூடிருச்சு. கோலா தெர்லா பச்சப் புள்ளிக்குப் போறோம். குணா, கேக்குதா? நீ அங்க வா.”

“வரேன்ணே.”

பெருஞ்சாலையில் காய்கறி லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. குணாளன் ஹாரனை அடித்தான், முந்தப் பார்த்தான், எதிரே சுற்றுலாப் பேருந்து வர மறுபடியும் வரிசைக்குள் நுழைந்தான். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. அவர்களுக்கு உயரம் நிறைய இருந்தது. ஆனாலும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆற்றுப் பக்கம் திரும்பும் மண்பாதையில் இறங்கியதும் அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

தோட்டம் இருந்தது. கோஸ் நாற்று பச்சைப்பசேலென்று இருந்தது. அதன்மேல், ஆளுக்கு இருமடங்கு உயரத்தில், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் ஆற்றங்கரையிலிருந்து பாதை வரைக்கும் வரிசையாக நின்றன. குழாய்க்குக் குழாய் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. மழைக்கூரைக்கான சட்டம். பிளாஸ்டிக் இன்னும் போடவில்லை. போட்டிருந்தால் வெள்ளையாகவாவது தெரியும். மேலிருந்து பார்ப்பவருக்கு மெல்லிய குழாயும் கம்பியும் எங்கே தெரியப்போகிறது? கீழே இருக்கும் பச்சைதான் தெரியும். அந்தப் பச்சையை நம்பி வேகமாக இறங்கி வருகிறவர் கம்பியில்தான் வந்து விழவேண்டும்.

“அண்ணே! இது எப்பப் போட்டது?” என்று வண்டியிலிருந்தபடியே கத்தினான்.

தோட்டக்காரர் தங்கையா சட்டத்தடியிலிருந்து தலையைத் தூக்கினார். “போன வாரந்தான் தம்பி ஆரம்பிச்சோம். மழையில எல்லாம் அழுவிப் போவுதுன்னு. என்னா விசயம்?”

குணாளன் வாக்கி-டாக்கியை அழுத்தினான். “பூவி, கேக்குதா? அண்ணே, கோலா தெர்லா வேணாம்! எறங்க வேணாம்!” கரகரவென்ற சத்தம்தான் வந்தது. நடுவில் மலை. கைப்பேசியில் கூப்பிட்டாலும் பறக்கிற காற்றில் அவர்களுக்குக் கேட்காது. கைப்பேசியை எடுத்து வரைபடத்தில் இருந்த பச்சைப் புள்ளியை அழித்தான். அது மறைந்தது. ஒரு கணம் தப்பித்தோம் என்று நினைத்தான். பிறகுதான் உறைத்தது, அழிந்தது தன் கைப்பேசியில் மட்டும் என்று. அவர்கள் மடியில் அது இன்னும் பச்சையாகவே இருக்கும்.

பூவிழியின் அம்பு, ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மலை மூக்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

பாதையோரம் புது பிளாஸ்டிக் சுருள்கள் அடுக்கியிருந்தன. அவன் ஒன்றைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அசையவில்லை.

“அண்ணே, பாராசூட்ல என் பொண்டாட்டி வரா. நாலு பேரு வராங்க. இங்கதான் எறங்கணும்னு நான்தான் சொல்லிவிட்டிருக்கேன். கம்பி தெரியாது அவங்களுக்கு. இத மேல விரிக்கணும்ணே, வெள்ளையா தெரியணும்!”

தங்கையா வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தார். வேலையில் இருந்த வங்காளதேசத்து ஆட்கள் இருவரைக் கூவி அழைத்தார். சுருளின் நுனியில் கயிற்றைக் கட்டிச் சட்டத்தின் மேலே வீசினார்கள். அந்தப் பக்கம் நின்று இருவர் இழுக்க, பிளாஸ்டிக் சரசரவென்று குழாய்களின் மேலே ஏறியது. நடுவில் ஒரு கம்பியில் மாட்டி நின்றுவிட்டது.

“இழுக்காதீங்க, கிழிஞ்சிரும்!” என்ற குணாளன் ஏணியைச் சாத்தி ஏறினான். கடைசிப் படியில் தகடு வைத்த கால் வழுக்கியது. வலி இடுப்பு வரை பாய்ந்தது. கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கியபடியே மாட்டியதை விடுவித்தான். வெள்ளைப் பட்டை ஒன்று தோட்டத்தின் குறுக்கே நீண்டது. இரண்டாவதைக் குறுக்காகப் போட்டு, இறங்காதே என்று காட்டும் சிலுவைக் குறியாக ஆக்க நினைத்தான். பாதி ஏறுவதற்குள் ஏணியைப் பிடித்திருந்தவர் மேலே கை காட்டினார்.

மலை மூக்கைச் சுற்றி ஆரஞ்சு இறக்கை வந்துகொண்டிருந்தது. அவன் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது.

வாக்கி-டாக்கி வண்டியிலேயே கிடந்தது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். “பூவி! போ! போயிரு!” என்று கத்தினான். அவள் வளைந்து, காற்றுக்கு எதிராகத் திரும்பி, உட்கார்ந்திருந்த நிலையிலிருந்து கால்களை வெளியே தொங்கவிட்டாள். இறங்கத் தயாராகிறாள் என்று அர்த்தம். வெள்ளைப் பட்டையை அவள் பார்த்தாளா, தோட்டத்தில் ஏதோ துணி என்று நினைத்தாளா, தெரியவில்லை.

அப்போது கட்டாத முனை காற்றில் எழும்பியது. பட்டை பாம்பு மாதிரி உதறி மேலே கிளம்பி, குழாய்களின் மேல் படாரென்று விழுந்து மடிந்தது. பிளாஸ்டிக்கின் அடியில் குழாய்களின் வரிசை விலா எலும்புகளைப் போலப் புடைத்துத் தெரிந்தது.

பூவிழியின் வலது கை சட்டென்று கீழே இறங்கியது. இறக்கை சாய்ந்தது. அவள் மயிரிழையில் கம்பிகளைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, எதிர்ச் சரிவுக்குப் போனாள். அங்கே எஸ்டேட்டின் கடைசித் தேயிலைத் துண்டு இருந்தது. அவள் செடிகளுக்குள் இடுப்பளவு புதைந்து நிற்க, இறக்கை அவளுக்குப் பின்னால் மெல்ல அமர்ந்தது.

பின்னால் வந்த கோலாலம்பூர்க்காரர்கள் அவளைப் பார்த்து அதே சரிவுக்குத் திரும்பினார்கள். சுகுமாரன் அங்கே எட்டும் உயரத்தில் இல்லை. அவர் ஆற்றோரத்தில், முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

குணாளன் பலகைப் பாலத்தை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. பூவிழி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்கையில் கீறல்கள், வேறொன்றும் இல்லை. அவன் அவளைத் தொடப் போனான்.

“இருங்க. கயிறு மாட்டியிருக்கு.”

இருவரும் தேயிலைக் குச்சிகளிலிருந்து மெல்லிய கயிறுகளை ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். பாதிக் கயிறு வெளியே வந்ததும் அவள், “அந்த வெள்ளைய யாரு போட்டது?” என்று கேட்டாள்.

“நானும் தங்கையாண்ணனும்.”

“பச்சையக் குறிச்சது?”

அவன் அடுத்த கயிற்றை எடுத்தான்.

“பாத்தாச்சுன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் அவ்ளோ கீழ வந்தேன். சந்தேகம் இருந்திருந்தா மேலயே சுத்திப் பாத்துட்டு வந்திருப்பேன்.” அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

சுகுமாரன் சொட்டச் சொட்ட வந்தார். தோட்டத்தைப் பார்த்தார், குணாளனைப் பார்த்தார். “அந்த வரைபடத்த எல்லாரும் அழிச்சிருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு காலிலிருந்த ஈரச் சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்தார். பூவிழி தன் கைப்பேசியில் அதை அழித்தாள். குணாளன் தங்கையாவிடம் போய்க் கிழிந்த பிளாஸ்டிக்கை மடித்துக் கொடுத்தான். “புள்ள நல்லாருக்கா இல்ல? அப்ப வுடு தம்பி” என்றார் அவர்.

வீடு திரும்பியதும் கால் வீங்கியிருந்தது. குணாளன் நடக்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தான். உள்ளே மட்டும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பச்சையாக வைத்த மற்றப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பள்ளித் திடலை எப்போது பார்த்தோம்? அதற்குப் பிறகு அங்கே யாராவது வேலி போட்டிருந்தால்?

மறுநாள் காலை வீக்கம் வடிவதற்கு முன்பே மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். பூவிழி கையில் இரண்டு தலைக்கவசங்களோடு வாசலில் நின்றாள்.

“அந்தக் காலோட கியர் போடுவீங்களா? தள்ளுங்க, நான் ஓட்டுறேன்.”

“எனக்காக வர வேணாம் பூவி.”

“உங்களுக்காக யாரு வரா? அடுத்த வாரம் நான் பறக்கணும்.”

கம்போங் ராஜா புல்வெளியில் ஒரு பழைய லோரியும் உரமூட்டைகளும் இருந்தன. பள்ளித் திடல் அப்படியே இருந்தது. ஆனால் ஓரத்தில் புதிதாக ஒரு விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொரு திடலையும் குறுக்கே நடந்து, படமெடுத்து, தேதியோடு குறித்தான். பாதிப் புள்ளிகள் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றைக் காட்டியபோது அவள் கேட்டாள்:

“இப்ப நிம்மதியா?”

“இல்ல. நாம இங்க நிக்கிறப்பவே எவனாவது எங்கயாவது ஒரு குழாய நட்டுக்கிட்டு இருப்பான்.”

பூவிழி சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். “சரி, ஏறுங்க. இன்னும் ரெண்டு எடம் இருக்கு.”

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் மோட்டாரை உதைத்து முடுக்கினாள். அவன் பின்னால் ஏறிக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டியபடி, எதிரே வந்த ஒவ்வொரு தோட்டத்தையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.