கட்டில் சத்தம்

மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தோரு நாள். எட்வர்டுக்கு மதுரையில் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தது தடை தொடங்கிய மறுநாள். இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவன் எட்வர்டேதான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நெஞ்சின் நடு எலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறது, இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும், "உள்ள இருந்து க்ளக்குனு சத்தம் கேட்டா அன்னைக்கே கிளம்பி வந்துரணும், மறுநாள்னு தள்ளாதீங்க" என்றும் சொன்னார். எட்வர்ட் தலையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி லீமாரோஸும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சொந்த ஊரான தங்கச்சிமடம் வந்து சேர்ந்ததும் கணக்கு மாறிவிட்டது.

"மீனுக்கே அறுபத்தோரு நாள் ஓய்வு போதும்னு கவர்மெண்டு சொல்லுது. எனக்கு மட்டும் என்ன தொண்ணூறு?" என்றான்.

"மீனை யாரும் ரம்பம் வச்சு அறுக்கல," என்றாள் லீமாரோஸ்.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஜெயபாலின் விசைப்படகில் பதினான்கு வருடமாக எட்வர்ட்தான் டிரைவர். ஜெயபாலிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தடை முடிந்து முதல் நாள் எவன் சுக்கான் பிடிக்கிறானோ, அடுத்த தடை வரைக்கும் அவன்தான் டிரைவர். அண்ணன் தம்பிக்கும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். இந்த வருடம் இமானுவேல் என்கிற சின்ன வயசுக்காரன் அவர் வீட்டு வாசலிலேயே பழியாகக் கிடக்கிறான் என்று கேள்வி. சுக்கானை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறவர்களை எட்வர்ட் பார்த்திருக்கிறான். அப்படி உட்காருவதைவிட ஆபரேஷன் மேசையிலேயே போயிருக்கலாம் என்று நினைக்கிற ஆள் அவன்.

சும்மா கிடந்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? தடையின் நாற்பதாவது நாள், "சும்மா பாத்துட்டு வாரேன்" என்று கடற்கரைக்குப் போனான். படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு ஒன்று நழுவியது. பழகின கை சும்மா இருக்குமா? ஒரே ஒரு இழுப்பு. நெஞ்சுக்குள் ஏதோ விட்டுப்போனது. வலியைவிட அந்தச் சத்தம்தான் அவனை உட்கார வைத்தது.

க்ளக்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்தான். மறுநாள் கட்டிலில் புரண்டபோது மறுபடியும் கேட்டது. அடுப்படியிலிருந்து லீமாரோஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது சத்தம்?"

"கட்டிலு. காலு ஆடுது."

வாயில் வந்தது, சொல்லிவிட்டான். அதற்கப்புறம் எட்வர்டுக்கு அந்தக் கட்டில் பெரிய துணையாகிவிட்டது. எழுந்தாலும் கட்டில், புரண்டாலும் கட்டில். நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டான். சாப்பாடும் கட்டிலிலேயே. இருமல் வந்தால் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். பயமாகத்தான் இருந்தது. மறுபடியும் நெஞ்சைத் திறப்பார்களே. ஆனால் விடிந்து எழுந்தால் இன்னொரு நாள் குறைந்திருக்கும், அந்தத் தெம்பில் வாயை மூடிக்கொள்வான்.

ஐம்பத்தைந்தாவது நாள் தையலின் கீழ்முனையில் ஒரு ஈரம். பனியனில் மஞ்சளாக, காசு அகலத்துக்கு ஒரு கறை. கிணற்றடிக்குப் போய் அவனே சோப்புப் போட்டுக் கசக்கிக் காயப்போட்டான். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் ஒரு கைக்குட்டை துவைக்காத மனிதன்! லீமாரோஸுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ரெஜினாவைக் கூப்பிட்டு, "ஆபரேசனுக்குப் பெறவு ஆளே மாறிட்டாருடி. என் கஷ்டம் இப்பத்தான் தெரியுது அவருக்கு" என்றாள். எட்வர்ட் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து தினமும் துவைத்தான்.

அறுபதாவது நாள் தச்சர் வீரபத்திரன் வந்து நின்றார். லீமாரோஸ்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். எட்வர்டை எழுப்பிவிட்டுக் கட்டிலின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார், மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்.

"சத்தமே இல்லையே தாயி. கட்டிலு கல்லு மாதிரி இருக்கு."

"இல்லண்ணே, நாளு பூரா கத்துது. நான்தான் கேக்குறேனே."

"சரி, வெளிய போடுங்க. காலைக் கழட்டி ஆப்பு வச்சுத் தாரேன்." அன்றைக்கு வேலை முடியவில்லை. கட்டில் வாசலில் வேப்பமரத்தடியிலேயே கிடந்தது. எட்வர்ட் தரையில் பாய் விரித்துப் படுத்தான். அசையாமல் படுத்தான். மூச்சைக்கூட அளந்துதான் விட்டான்.

தடை முடிந்த மறுநாள் காலை. கடற்கரையிலிருந்து படகு எஞ்சின்களைப் போட்டுப் பார்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் வாங்கியாயிற்று, எட்டு மணிக்குக் கிளம்புகிறோம் என்று ஜெயபால் போனில் சொல்லிவிட்டார். லீமாரோஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூக்குவாளியில் சோறு கட்டினாள். "சுக்கானை மட்டும் பிடிக்கணும். கயித்துல கை வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன், நடக்கிறதே வேற" என்றாள்.

"அட, வைக்க மாட்டேன் புள்ள," என்று சொல்லிக்கொண்டே எட்வர்ட் பாயில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தான்.

க்ளக்.

இதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாகக் கேட்டது. பாதி எழுந்தவன் அப்படியே முட்டி போட்டு நின்றுவிட்டான். லீமாரோஸ் திரும்பினாள். பாயைப் பார்த்தாள். வாசலில் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். பிறகு கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பனியன்களைப் பார்த்தாள்.

"கட்டிலு வெளியில கெடக்கு," என்றாள்.

எட்வர்ட் மறுபடியும் பாயிலேயே உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பனியன் நெஞ்சுக்குழி வரைக்கும் நனைந்திருந்தது, வாடை அடித்தது. போன் அடித்தது. ஜெயபால்.

"அண்ணே, அவரு வரல," என்றாள் லீமாரோஸ். "இமானுவேலக் கூட்டிட்டுப் போங்க. எங்களுக்கு ஒரு காரு மட்டும் சொல்லிவிடுங்க, மதுரைக்கு. சீக்கிரம் வேணும்ணே."

எட்வர்டுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அவள் தலையணையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். வெளியே படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின.