காற்று வந்தால்தான் டீ

வடகடலோரத்து ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஹாரோ, நிலக்கரி மின்சாரக் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, காற்றாலை மின்சாரம் விற்கும் கம்பெனிக்கு வீட்டு இணைப்பை மாற்றினாலும் மாற்றினார், அன்றைக்குப் பிடித்தது சனி அவர் மனைவி வீப்கேயை.

தினமும் கடற்கரை மேட்டில் ஏறி நின்று காற்றாலைகளைப் பார்ப்பார். இறக்கை சுற்றினால் அடுப்புக்கு உத்தரவு. நின்றுவிட்டால் கெட்டிலுக்குக்கூடத் தடை. காற்றில்லாதபோது கம்பியில் கரிதான் வருகிறது என்பது மனிதரின் கண்டுபிடிப்பு. பக்கத்து வீட்டு டோம்மாவைக் கண்டாலே, "நீங்க எப்போ மாறப் போறீங்க?" என்று பிடித்துக்கொள்வார்.

போன தடவை வீப்கேயின் அக்கா ஓக்கா வந்தபோது, காற்று நின்று, டீ இரண்டாவது கோப்பையோடு தீர்ந்தது. மூன்று கோப்பை ஊற்றாமல் விருந்தாளியை அனுப்புவது இந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். ஓக்கா அதன்பின் போனையே எடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஞாயிறுதான் வரச் சம்மதித்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து, பாழாய்ப்போன இலைகூட அசையவில்லை.

"ஏங்க, இன்னிக்கும் ரெண்டு கோப்பையோட எந்திரிச்சா, அக்கா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா. அடுப்பைப் போடவா?"

"கொஞ்சம் பொறு. காத்து வரட்டும்."

"காத்து வர்றதுக்குள்ள அக்கா போயிடுவா!"

அவர் மேட்டுக்குப் போனார். அவள் கேக் மாவையும் டீ ஜாடியையும் தூக்கிக்கொண்டு டோம்மா வீட்டுக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஒரே ஒரு காற்றாலை சோம்பலாக அசைந்தது. ஹாரோ மூச்சிரைக்க வந்தார். மேஜையில் பிளம்ஸ் கேக், ஆவி பறக்கும் டீ. டோம்மாவும் விருந்துக்கு வந்திருந்தாள். ஓக்கா மூன்றாவது கோப்பையில் இருந்தாள். வீப்கேக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"காத்து வந்ததும் அடுப்பைப் போட்டுட்டாளே, கெட்டிக்காரி!" ஹாரோ ஒரு வாய் மென்றார். "துளி கரி வாசனை உண்டா பாருங்க! டோம்மா, உங்க அடுப்புல இப்படி வருமா?"

"என் அடுப்புல வந்ததுதான் வாத்தியாரே. டீத்தண்ணியும் அங்கேருந்துதான்."

அவர் முகம் செத்துப்போனது. "அப்போ இது... கரியா?"

"கரியாவது மண்ணாவது! உங்க தொல்லை தாங்காம நானும் எப்பவோ மாறிட்டேன். உங்க கம்பெனியேதான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. காத்து நின்னது என் அடுப்புக்கு மட்டும் தெரியல போலிருக்கு!"

ஓக்கா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அடியே வீப்கே, நாலாவதும் ஊத்துடி. இந்தக் கூத்தை விட்டுட்டு யார் போவா?"

ஹாரோவும் அசடு வழியத் தன் கோப்பையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் வீப்கே. "காத்து வரட்டும்."