பேச்சியம்மாளின் கிரகப்பிரவேசம்

பேச்சியம்மாளுக்கு இடுப்பு மூட்டு மாற்றிப் பதினோரு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவை முழுக்க நடந்து முடித்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அவள் நேற்று எவ்வளவு நடந்தாளோ அவ்வளவு தூரம் வராந்தா இன்று நீண்டிருக்கும். எல்லா நோயாளிக்கும் அப்படித்தான்.

இன்று காலை எட்டு மணிக்கு மகன் சங்கரபாண்டியின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பால் பானையைத் தன் கையால் அடுப்பில் ஏற்ற வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தாள். பிறகு அறுத்த வலது கால். பிறகு இடது கால். பிசியோதெரபிஸ்ட் ஜெபராஜ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்னாலேயே வந்தார்.

“வலிக்கு தம்பி.”

“யாருக்கு?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

வராந்தா நெடுக சொந்தக்காரர்கள் நின்றார்கள். நோயாளியை வெறுங்கையோடு பார்ப்பது முறையா? ஆளுக்கொரு சாத்துக்குடிப் பையை வாக்கரில் மாட்டிவிட்டு, “இளைச்சுப் போயிட்டியே” என்றார்கள். வாக்கரைத் தூக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஒருத்தராவது ஒரு பையை எடுத்திருக்கலாம், பாவிகள்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வராந்தா முடிந்தது. எதிரே மகன் வீட்டு வாசல், மாவிலை கட்டிய புது நிலை. ஒரே ஒரு படி.

“ஏறும்போது நல்ல கால்தான் முதல்ல. வலதை வச்சா மூட்டு கழண்டுரும்” என்றார் ஜெபராஜ்.

மருமகள் கோமு ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். “அத்தே, இடது காலை வச்சிராதீக! நல்ல நாளும் அதுவுமா!”

பேச்சியம்மாள் படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே, மனைப்பலகையில், அறுத்து எடுத்த அவளுடைய பழைய இடுப்பு மூட்டெலும்பு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவளுடைய அரக்குப் பட்டுப்புடவையைச் சுற்றியிருந்தார்கள். சந்தனமும் வைத்திருந்தார்கள்.

“அது எப்படிடீ உள்ள வந்துச்சு?”

“அதுக்கு ஏது காலு? தூக்கிட்டு வந்து வச்சோம்.”

“என்னையும் தூக்கிட்டுப் போங்களேன்.”

“நீங்க நடக்கணும்லா? டாக்டர் சொல்லிருக்காருல்லா?”

பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். சங்கரபாண்டி பாலை டம்ளரில் ஊற்றி, இரண்டு ஆற்று ஆற்றி, எலும்பின் முன்னால் நீட்டினான்.

“சூடா இருக்கும்மா, பாத்துக் குடி.”

“ஏல, சங்கரபாண்டி!” என்று வாசலிலிருந்து கத்தினாள் பேச்சியம்மாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். “வழியை மறிச்சு நிக்காதீங்க, ஆச்சி. நடந்துட்டே இருங்க.”

பெற்றவளை அவன் ஒருநாளும் ‘நீங்க’ என்றதில்லை. படியையும் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெபராஜின் நாற்காலி அதற்குள் திரும்பிவிட்டது. வராந்தா மறு கோடி தெரியாமல் கிடந்தது.

பேச்சியம்மாள் வாக்கரைத் திருப்பி முன்னால் வைத்தாள்.

“நல்ல முன்னேற்றம்” என்று எழுதிக்கொண்டார் ஜெபராஜ்.