ஃபேன் பக்கத்து ஐஸ்

1
இதை நான் பார்த்தேனா, பிறகு படித்தவற்றோடு சேர்த்துத் தைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. எங்கள் கடலோர ஊரான மணப்பட்டில் புயல் ஓய்ந்த மறுநாள் என்பது மட்டும் நிச்சயம். (நிச்சயமா? விடுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'துருவக் கடலில் பனி உருகிக்கொண்டிருந்தபோது சாமிக்கண்ணு –' அடித்துவிட்டேன். செத்தவரை வைத்து அந்த வாக்கியம் நகரவில்லை.

2
சாமிக்கண்ணு என் பக்கத்து வீட்டுக்காரர், புயல் இரவில் இறந்துபோனார். அவர் மகன் அன்புராஜ் துருவக் கடலில் ஓர் ஆய்வுக் கப்பலில் சமையல்காரன். அவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்றார் அவர் மனைவி தனக்கொடி. கரண்ட் இல்லாததால் குளிர்பெட்டி ஓடவில்லை. மீன் ஏலம் விடும் இடத்திலிருந்து ஐஸ் பாளங்கள் கொண்டுவந்து, மேலே பலகை போட்டு அவரைக் கிடத்தினோம். இன்வெர்ட்டரில் ஓடிய ஒரே ஃபேனை வாசல் பக்கம் வைத்து ஐஸ்மேல் திருப்பினார்கள், இன்னும் குளிரட்டும் என்று.

3
அன்புராஜ் என்னிடம் போனில் பேசினான்.

"இங்க ஐஸே இல்ல மாமா. கப்பல் சீக்கிரமா கரைக்கு வந்துடுச்சி. மெட்ராஸ் ஏர்போர்ட் தொறந்தா வந்துடுவேன். அப்பாவ வச்சிருங்க."

அங்கே பனி குறைந்ததால் அவன் கிட்டே வந்தான். இங்கே ஐஸ் குறையக் குறைய அவர் தூரமானார்.

[துருவத்தில் மேலே வெதுவெதுப்பான காற்று வீசுகிறது, கீழே வெப்ப நீரோட்டம் அரிக்கிறது. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அது விலகினால் கருநீர் அந்த வெயிலைக் குடித்து, மிச்சப் பனியையும் தின்னும். இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று]

4
மதியம் பலகை சாய்ந்தது. சாமிக்கண்ணுவின் முகம் வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"பாருடி ஜெயா, இன்னாமா திரும்புறாரு! புள்ள வருதுன்னு தெரிஞ்சிபோச்சி" என்றார் தனக்கொடி, தன் தங்கையிடம்.

"உசுரோட இருக்கசொல்ல நீ கூப்ட்டு ஒரு தபா திரும்பினாராக்கா?"

"காத்து பட்டு அந்தப் பக்கம் சீக்கிரம் கரையுதுக்கா," என்றேன். "ஃபேன நிறுத்திடலாம். கீழ நிக்கிற தண்ணியையும் தள்ளணும்."

"நிறுத்தினா திரும்புறது நின்னுடும்பா. நீ போய் புக்கு படி."

பலகைக்கு அடியில் ஐஸ் விரிசல் விட்டது. தொண்டையைச் செருமும் சத்தம். எல்லோரும் சாமிக்கண்ணுவைப் பார்த்தோம்.

5
ஒரு முடிவு: நான் ஃபேனை நிறுத்துகிறேன், ஐஸ் தாங்குகிறது, மகன் வருகிறான். இன்னொன்று: தனக்கொடி என் கையைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு நினைவிருப்பது மூன்றாவது: யாரும் தொடாமல் ஃபேன் நின்றது.

அதன் பிறகும் முகம் திரும்பியது.

(தேங்கிய நீர் கரைத்திருக்கும். துருவத்திலும் காற்று ஓய்ந்தாலும், கடல் சேர்த்துவைத்த சூடு ஓய்வதில்லை. இந்த விளக்கம் எனக்குப் பகலில் போதுமானதாக இருக்கிறது.)

6
ஃபேனை நிறுத்தியது யார் என்பதை உங்களிடம் விடுகிறேன். மற்றது இதுதான். மாலையில் ஐஸ் தீர்ந்தது, சாமிக்கண்ணுவை எடுத்தோம். அவர் தம்பி மகன் கொள்ளி வைத்தான். அன்புராஜ் வந்தபோது சாம்பல்தான் இருந்தது. அவன் மறுபடி கப்பலேறவில்லை, பக்கத்து ஊரான பாகூரில் ஓட்டல் வைத்திருக்கிறான். ஜெயா தன் ஊருக்குப் போய்விட்டார். தனக்கொடி அந்த வாசலை இன்னும் சாத்துவதில்லை. நான் ஃபேன் இல்லாமல் தூங்கப் பழகிவிட்டேன்.